பூஜை முடிந்து அப்டேட் ஏறாத சர்வர்

அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிற பெண் நான். வாரத்தில் இரண்டு நாளாவது இது நடக்கும். என் வீட்டுக்காரருக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். எங்கள் பிளாக்கில் இருப்பவர்களுக்கு என் ஓட்டம் பழகிவிட்டது. "இன்னிக்கு அடுப்பா, பூட்டா?" என்று மாடியிலிருந்தே கேட்பார்கள். பதில் சொல்ல எனக்கு மூச்சு இருக்காது.

இந்தப் பயம்தான் எனக்குச் சர்வர் வேலையை வாங்கித் தந்தது. இதை நான் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள்.

நான் பிறந்தது பாரிவாக்கம். ஒன்பதாவதில் பாதியோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். வீட்டில் கஷ்டம், அதனால் நின்றேன் என்று சொன்னால் கேட்பவர்களுக்கு நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. பரீட்சைக்கு முதல் நாளே வாந்தி எடுக்க ஆரம்பித்துவிடுவேன். கேள்வித்தாளைக் கையில் வாங்கினால் எழுத்தெல்லாம் ஓடும். ஒரு கட்டத்தில் நானே போகமாட்டேன் என்றேன், வீட்டிலும் சரி என்றுவிட்டார்கள். பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கிற ஒரு சின்ன தொழிற்சாலையில் சேர்ந்தேன். இன்ஸ்பெக்ஷன் மேசை. லேத்திலிருந்து வரும் ஒவ்வொரு பீஸிலும் கேஜை விட்டுப் பார்க்க வேண்டும். கேஜின் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. அவ்வளவுதான் வேலை. மற்றவர்கள் ஒரு தடவை பார்ப்பதை நான் இரண்டு தடவை பார்ப்பேன். என் மேசையைத் தாண்டிப் போன பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஆபீஸில் ஒரு சர்வர் இருந்தது. ஸ்டோர் ரூமை ஒட்டி, கண்ணாடி தடுத்த ஒரு சின்ன அறையில் ஏ.சி. போட்டு வைத்திருந்தார்கள். எல்லா டிராயிங்கும், எல்லா டெஸ்ட் ரிப்போர்ட்டும் அதில்தான். அதில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போகப்போவதாகச் சொன்ன மாதத்தில் எனக்குப் படபடப்பு ஆரம்பித்தது. இவர் போய்விட்டால் நம் ரிப்போர்ட் எல்லாம் என்ன ஆகும்? யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அவர் தட்டிய ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துப் பார்த்து எழுதினேன். இங்கிலீஷில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் அந்த மெஷினுக்குப் பிடிக்காது என்பதால், எழுத்தை வரைந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்தில் தமிழில் குறிப்பு: "இங்கே ஒரு இடம் விடு." "இதைத் தட்டினால் ஆமாவா இல்லையா என்று கேட்கும், படித்துவிட்டுத்தான் ஆமா போடு." "இதை மட்டும் தப்பாக அடித்தால் எல்லாம் போச்சு."

அவர் போனபோது அந்த நோட்டு மட்டும்தான் மிச்சம். முதலாளி நோட்டைப் புரட்டினார், என்னைப் பார்த்தார். "நீயே பாத்துக்கோம்மா, வேற ஆள் வர்ற வரைக்கும்" என்றார். வேறு ஆள் வரவேயில்லை. ஆறு வருடம் ஆகிறது.

அந்த ஆறு வருடத்தில் சனிக்கிழமை தவறாமல் அப்டேட் போட்டிருக்கிறேன். சர்வரில் ஓடும் சின்னச் சின்ன மென்பொருட்களுக்கு பேக்கேஜ் என்று பேர். அவற்றில் ஓட்டை கண்டுபிடித்தால், செய்தவர்களே அடைத்துப் புதுசாக வெளியிடுவார்கள். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால், எது எது புதுசாக வந்திருக்கிறது என்று சர்வர் கேட்டுக்கொண்டு வரும். இன்னொரு வரி தட்டினால் இறக்கி மாட்டிக்கொள்ளும். நல்ல நாளில் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

நான் சொல்லப்போவது நல்ல நாள் இல்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் எஸ்டேட்டில் அன்றைக்கு ஒரு ஸ்பேனரைக்கூடத் தூக்கமாட்டார்கள். முந்தின நாளே லேத்தையெல்லாம் டீசல் போட்டுத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்து, மெயினை இறக்கிவிடுவார்கள். பூஜையில் வைத்த ஆயுதம் ஓடக் கூடாது. சர்வரும் ஆயுதம்தான். வருடம் முழுக்க யூ.பி.எஸ். தயவில் நிற்காமல் ஓடுகிற அதை, அந்த ஒரு பூஜைக்கு மட்டும் நிறுத்துவோம். எனக்கு அதில் விருப்பம் கிடையாது. "சார், இது மட்டும் ஓடட்டுமே" என்று ஒவ்வொரு வருடமும் கேட்பேன். முதலாளி, தானே லேத்தில் நின்று பழகி மேலே வந்த மனிதர், "அதுக்கும் ஒரு நாள் ரெஸ்ட் வாணாமாம்மா?" என்பார். இந்த வருடமும் அதே கேள்வி, அதே பதில். முறைப்படி நிறுத்தினேன். பூவை மின்விசிறித் துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பொரியை மேலே கொட்டாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே நின்றேன். மறுநாள் விஜயதசமி விடுமுறை. அதற்கு அடுத்த நாள் காலை வந்து சர்வரைப் போட்டேன். விளக்குகள் எரிந்தன. டிராயிங் திறந்தது. ரிப்போர்ட் ஏறியது. அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

ஒன்பது மணிக்கு முதலாளி கூப்பிட்டார்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆடிட்டுக்கு வராங்க. நம்ம கிட்ட பீஸ் எடுக்கற கம்பெனிலேர்ந்து. இந்தத் தபா சர்வரையும் பாக்கப்போறாங்களாம். மெயில் அனுப்பிக்கீறாங்க பாரு, ஏதோ ஓட்டையாம், அதை அடைச்ச அப்டேட்டு போட்டுக்கீறோம்னு காட்டணுமாம்."

"போட்டுடறேன் சார்."

அவர் உடனே போகச் சொல்லவில்லை. மேசை மேலிருந்த ஒரு காகிதத்தைத் தடவினார். வெளியிலிருந்து சர்வர் பார்த்துத் தர வருகிற ஒரு கம்பெனியின் காகிதம்.

"இவங்க ரொம்ப நாளா கேட்டுகினே கீறாங்கம்மா. இந்த ஆடிட்டுல சர்வர் மேல ஒரு குறை எழுதிட்டா, இவங்க கையில குட்த்துடலாம்னு கீறேன். நீ பழையபடி இன்ஸ்பெக்ஷனுக்கே போய்டு. சம்பளம் அதேதான். உனுக்கும் டென்ஷன் இல்ல பாரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நல்ல மனசோடு சொன்னார். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. ஆறு வருடமாக அந்தக் கண்ணாடி அறைக்கு நான்தான் சாவி வைத்திருக்கிறேன். ஒன்பதாவதை முடிக்காதவள் கையில் ஒரு கம்பெனியின் மொத்த ஞாபகமும் இருக்கிறது என்பது என் ஒரே பெருமை. அதை "டென்ஷன் இல்ல பாரு" என்று அவர் எடுத்துக்கொண்டு போகப் பார்த்தார்.

திரும்பி வந்து என் கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குள் நுழைந்து அந்த முதல் வரியைத் தட்டினேன். ஓடியது. நின்றது. இங்கிலீஷில் நாலைந்து நீள வரிகள். நான் விரல் வைத்துத்தான் இங்கிலீஷ் படிப்பேன். "வேலிட் இல்லை" என்பது வரைக்கும் படித்தேன். வரி திரையின் ஓரத்தைத் தாண்டி மடங்கிக் கீழே போனது. கடைசியில், இங்கேயிருந்து வரும் அப்டேட் எதுவும் ஏற்றப்படாது என்று இருந்தது. மறுபடி தட்டினேன். அதே பதில்.

உள்ளங்கை வேர்த்தது. பரீட்சை ஹாலில் வேர்த்த அதே வேர்வை. ஆனால் இந்தப் பரீட்சையில் நோட்டைத் திறந்து பார்க்கலாம். திறந்தேன்.

"அப்டேட் வராவிட்டால்" என்று ஒரு பக்கமே வைத்திருந்தேன். முதலில், நெட் இருக்கிறதா? இருந்தது. வெளியே கூப்பிட்டால் பதில் வந்தது. இரண்டாவது, இடம் நிரம்பிவிட்டதா? ஒரு வருடம் சர்வரின் மூல மென்பொருளான கெர்னலின் பழைய பிரதிகள் அடைத்துக்கொண்டு இப்படித்தான் படுத்தியது. இரண்டு நாள் போராடி நானே கண்டுபிடித்தேன். இந்த முறை இடம் தாராளமாக இருந்தது. மூன்றாவது, இன்னொரு அப்டேட் பின்னால் ஓடிக்கொண்டு பூட்டு போட்டிருக்கிறதா? இல்லை. நான்காவது, எது எது புதுசு என்று சர்வர் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த பட்டியல் கெட்டுப்போயிருக்கிறதா? அதைத் துடைத்துவிட்டுத் திரும்ப இறக்கச் சொன்னேன். இறக்கியது, இறக்கிவிட்டு அதே வரியைச் சொன்னது.

எலெக்ட்ரீஷியன் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றான். பத்து வருடமாக எங்கள் தொழிற்சாலையில் இருப்பவன்; மோட்டார் எரிந்தாலும் சரி, மின்விசிறி முனகினாலும் சரி, அவன்தான்.

"இன்னாக்கா, அதை ஒரேடியா மொறைச்சிகினு கீற? பூசை போட்ட மெசினு. முந்தாநேத்துதான் பொரி துன்னுச்சு, செரிமானம் ஆகலபோல."

"போடா, நீ வேற. பொரியைக் கொட்டினது நீதானே?"

"அய்யய்ய, நான் ஓரமாத்தான் கொட்னேன்!"

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. எழுந்து போய் சர்வரின் மூடிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பொரி இல்லை. குங்குமம் கொஞ்சம் ஓரத்தில் ஒட்டியிருந்தது. துடைத்தேன்.

பதினொன்றரைக்கு முதலாளியே வந்து எட்டிப் பார்த்தார். ஏறவில்லை என்றேன். அவர் அந்த வெளிக் கம்பெனியின் இன்ஜினீயருக்கு போன் போட்டு என் கையில் கொடுத்தார். அந்த ஆள் நல்ல மாதிரிதான் பேசினார். நான் திரையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன், பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"புரிஞ்சுதுங்க மேடம், ரெண்டு நிமிஷ வேலை. வேலிடிட்டி செக் பண்ணாதேன்னு ஒரு லைன் சேத்துடுங்க. நான் சொல்றேன், அடிங்க. எல்லாம் வந்துடும்."

"அது எதுக்கு சார் செக் பண்ணுது?"

"அது ஒரு பார்மாலிட்டிங்க. வர்ற பட்டியல் ஒரிஜினலா, தேதி எல்லாம் கரெக்டான்னு பாக்கும். நாங்க நிறைய இடத்துல ஆஃப் பண்ணித்தான் வெச்சிருக்கோம்."

என் கை கீ-போர்டு மேல்தான் இருந்தது. இரண்டு நிமிடம். நாளைக்குக் குறை இல்லை. சாவி என்னிடமே இருக்கும். ஆனால் பதினெட்டு வயதிலிருந்து நான் பார்த்த வேலை செக் பண்ணுகிற வேலை. கேஜ் உள்ளே போகாத பீஸை, கேஜைத் தூக்கிப் போட்டுவிட்டு "ஓ.கே." என்று டிரேயில் வைப்பது எப்படி இருக்கும்?

"வேண்டாம் சார். ஏன் வேலிட் இல்லைன்னு தெரியாம ஆஃப் பண்ண மாட்டேன். பயமா இருக்கு."

"பயந்தா சர்வர் பாக்க முடியாதுங்க மேடம்" என்றார். சிரிப்பு கேட்டது.

போனை முதலாளியிடம் கொடுத்தேன். அவர் வெளியே போய்ப் பேசினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தலையாட்டுவது தெரிந்தது. வந்து, "சாயங்காலம் வரைக்கும் பாரும்மா. இல்லாட்டி அவரையே வரச் சொல்லிக்கீறேன்" என்றார்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. அப்டேட் வருகிற இடத்தை மாற்றிப் பார்த்தேன். ஒரே பேக்கேஜை வைத்துக்கொண்டு உலகம் முழுக்கப் பல இடங்கள் இருக்கின்றன, ஒரு கடை மூடியிருந்தால் இன்னொரு கடை என்பது போல. வேறு ஒரு இடத்தின் பெயரைப் போட்டேன். அங்கேயும் வேலிட் இல்லை. மூன்றாவது ஒன்று போட்டேன். அங்கேயும்.

இங்கே நான் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. கவலைப்படுகிறவர்களுக்கு இது ஒரு குறை. எல்லாவற்றையும் மூன்று தடவை பார்ப்போம், ஆனால் மூன்று தடவையும் ஒரே இடத்தையே பார்ப்போம்.

அப்போது இன்ஸ்பெக்ஷனிலிருந்து ஒரு பெண் வந்தாள். கள்ளிக்குப்பத்துக்காரி, என் பழைய மேசையில் இப்போது அவள்தான்.

"யக்கா, உன் சர்வருக்கு இன்னா வந்துச்சு?"

"நீயுமா? என்னடி?"

"காலைல நான் ஏத்துன ரிப்போர்ட்டு ஒண்ணும் மேல காணோம்க்கா. எப்பவும் புச்சு மேலதானே வரும்? தேடித் தேடிப் பாத்தா, அதுங்க கீழ எங்கியோ பழசுங்களோட போயி குந்திகினு கீது."

"அப்புறம் பாக்கறேன், போ. நானே இங்க செத்துக்கிட்டு இருக்கேன்."

"நீ இன்னிக்குச் சாவாதக்கா, நாளிக்கு ஆடிட்டு" என்றாள். போகிற போக்கில், "காலைலேர்ந்து எல்லா பீஸும் ரிஜெக்டு மாரி மூஞ்ச வெச்சிகினு கீற" என்று சேர்த்தாள்.

எல்லா பீஸும் ரிஜெக்ட்.

இன்ஸ்பெக்ஷனில் சேர்ந்த முதல் வாரத்தில் என் டிரேயில் வரிசையாக எல்லா பீஸும் தள்ளுபடி ஆனது. சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு பீஸைத் தொடவேயில்லை. கேஜை எடுத்துக்கொண்டு போனார். கேஜ் கீழே விழுந்து முனை நசுங்கி, எந்தத் துளைக்குள்ளும் போகாமல் இருந்தது. ஒன்றிரண்டு தேறாவிட்டால் பீஸ் தப்பு. எல்லாமே தேறாவிட்டால் அளக்கிற சாமான்தான் தப்பு. மூன்று கடைக்குப் போனேன், மூன்றிலும் சரக்கு செல்லாது என்கிறது என் சர்வர். மூன்று கடையிலுமா கெட்டுப்போகும்? கெட்டது என் பக்கத்தில் இருக்கிற அளவுகோல்.

எந்த அளவுகோல்? காலையில் ஏற்றிய ரிப்போர்ட் ஏன் பழசோடு போய் உட்கார்ந்தது?

தேதி கேட்கிற வரியைத் தட்டினேன். நாலே எழுத்துதான், நோட்டைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. சர்வர் சொன்ன வருடம் இரண்டு வருடத்துக்கு முந்தினது.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. திரையில் மேலே போய் அந்த நீள வரியைக் கடைசிவரை விரல் வைத்துப் படித்தேன். "இன்னும் இத்தனை நூறு நாளைக்குச் செல்லாது" என்று நாள், மணி, நிமிடம், நொடி வரை சொல்லியிருந்தது. பட்டியல் இன்றைக்கு எழுதியது. சர்வர் இருப்பதோ இரண்டு வருடம் பின்னால். வரப்போகிற காலத்தில் எழுதிய பட்டியலை எப்படி நம்புவது என்று அது நியாயமாகத்தான் கேட்டிருக்கிறது. இதில் இன்னும் வெட்கம், உள்ளே நுழையும்போதெல்லாம் முதல் வரியில் அது தேதியைக் காட்டுகிறது. காலையிலிருந்து எத்தனையோ தடவை நுழைந்தேன். ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

காரணம் உள்ளே இருக்கிற காசு மாதிரியான பேட்டரி. மின்சாரம் இல்லாத நேரத்தில் சர்வருக்கு நேரத்தை ஞாபகம் வைப்பது அதுதான். வருடம் முழுக்க ஓடிக்கொண்டே இருந்ததால் அது செத்தது யாருக்கும் தெரியவில்லை. பூஜைக்கு மெயினை இறக்கி இரண்டு நாள் ஓய்வு கொடுத்ததில் நேரத்தைத் தொலைத்துவிட்டது.

ஆனால் பேட்டரி செத்தால்கூட, நெட்டிலிருந்து சரியான நேரத்தை வாங்கி சர்வர் தானே திருத்திக்கொள்ள வேண்டுமே? ஏன் திருத்தவில்லை? நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருந்தது. "நேரம் தானாகத் திருத்துவதை நிறுத்தினேன். பத்து நிமிடம் கூட்டி வைத்தேன்."

இதை விளக்க வேண்டும். எங்கள் எஸ்டேட்டில் பல தொழிற்சாலைகளில் கேட் கடிகாரம் பத்து நிமிடம் கூடுதலாகத்தான் ஓடும். வேலையாட்கள் நேரத்துக்கு வர வேண்டும் என்பதற்காக. எங்கள் கேட் கடிகாரமும் அப்படித்தான், பக்கத்தில் விரல் வைக்கிற பஞ்சிங் மெஷினும் அப்படித்தான். ஒரு முறை ஆடிட்டில் ஒருவர் ஒரு ரிப்போர்ட்டையும் வருகைப் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரிப்போர்ட் எட்டு இருபத்தைந்துக்கு ஏறியிருக்கிறது. அதை ஏற்றியவள் உள்ளே வந்ததோ எட்டரைக்கு. "வர்றதுக்கு முன்னாடியே எப்படிம்மா வேலை செஞ்ச?" என்று கேட்டுவிட்டார். அன்று சாயங்காலமே முதலாளி என்னிடம் சர்வரையும் பத்து நிமிடம் தள்ளி வைக்கச் சொன்னார். நான் தள்ளினேன், சர்வர் தானே சரிபண்ணிக்கொண்டது. மறுபடி தள்ளினேன்; மறுபடி சரிபண்ணிக்கொண்டது. கடைசியில் திருத்துகிற வசதியையே நிறுத்தினேன். காலையில் அந்த இன்ஜினீயர் சொன்னபோது மாட்டேன் என்றேனே, அதே காரியத்தை நானே செய்து, தேதி போட்டு எழுதியும் வைத்திருக்கிறேன்.

இப்போது இரண்டு வழி. கையால் தேதியை வைத்து, பத்து நிமிடத்தையும் கூட்டி, அப்டேட்டை ஏற்றிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். யாருக்கும் தெரியாது. அல்லது நிறுத்தியதைத் திரும்பப் போடலாம். போட்டேன். முதலாளியைக் கேட்காமல் போட்டேன். சர்வர் எங்கோ தூரத்தில் ஒரு கடிகாரத்தைக் கேட்டது. அடுத்த முறை தேதியைத் தட்டியபோது என் கம்ப்யூட்டரும் அதுவும் ஒரே நொடியைச் சொன்னது.

அப்டேட் வரியைத் தட்டினேன். வரிசையாக இறங்கியது. அறுபதுக்கு மேல் பேக்கேஜ் காத்திருந்தன; மெயிலில் சொல்லியிருந்த அந்த ஒன்றும் அதில் இருந்தது. நடுவில், நீ மாற்றி வைத்த அமைப்பை வைத்துக்கொள்ளவா, புதுசைப் போடவா என்று ஒரு கேள்வி. படித்துவிட்டு, வைத்துக்கொள் என்றேன். கடைசி வரி வந்து நின்றதும் நாற்காலியில் சாய்ந்தேன். காலையிலிருந்து அப்போதுதான் சாய்ந்தேன்.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பழைய பேட்டரியின் நம்பரைச் சொல்லிப் புதுசு வாங்கி வரச் சொன்னேன். அரை மணியில் வந்தான். சர்வரை முறையாக நிறுத்தி, மூடியைக் கழற்றி, அவன் மாற்றும்போது நான் டார்ச் பிடித்தேன்.

"நேரா புடிக்கா. லைட்டு ஆடுது பாரு."

"நீ வேலையைப் பாரு."

"இம்மாம் சைசு பேட்டரி, இம்மாம் பெரிய கம்பெனியையே ஆட்டிட்ச்சே."

போட்டதும் சர்வர் எழுந்தது. எழுவதற்குள் நான் கும்பிடாத சாமி இல்லை. தேதி கேட்டேன், சரி. அப்டேட் கேட்டேன், புதுசாக ஏற்ற எதுவும் இல்லை என்றது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், பத்து நிமிடத்தையும் சேர்த்து.

"ஏறிடுச்சில்ல? ரைட்டு. அப்ப அந்தப் பத்து நிமிஷத்தைத் திரும்ப வெச்சிடு."

"இல்ல சார். வெக்க மாட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவரிடம் நான் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"பஞ்சிங் மெசினு ஒரு டைம், சர்வரு ஒரு டைம்னா, மறுபடி அதே கேள்வி வரும்மா."

"அப்ப பஞ்சிங் மெஷின் டைமை மாத்துங்க சார். சர்வர் பொய் சொன்னா எதை நம்பறதுன்னு அதுக்கே தெரியாமப் போவுது. இன்னிக்குக் காலைல ஏத்தின ரிப்போர்ட் பதினாலு, எல்லாத்துலயும் தப்புத் தேதி விழுந்திருக்கு. நாளைக்கு வர்றவங்ககிட்ட அதை நானே சொல்லிடப் போறேன்."

அவர் அந்த வெளிக் கம்பெனியின் காகிதத்தைத் திரும்பக் கையில் எடுத்தார். நான் பஸ் பிடிக்கப் போய்விட்டேன். வழியெல்லாம் வேலை போச்சு என்றுதான் நினைத்துக்கொண்டேன். வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர், "அடுப்பை ரெண்டு தடவை பாக்கறவ, முதலாளி வாயை ஒரே தடவையில அடைச்சிட்டியே" என்றார்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஆடிட்டர் வந்தார். மூக்குக்கண்ணாடி போட்டவர், மெதுவாகப் பேசுபவர். கண்ணாடி அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதலாளி பின்னால் நின்றார். அப்டேட் பட்டியலைக் காட்டினேன். அந்த ஓட்டை அடைபட்ட வரியில் விரல் வைத்தார். சரி என்றார். நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பதினாலு ரிப்போர்ட்டின் பெயர்களையும் எழுதிய தாளை நீட்டினேன். ஏன் தப்புத் தேதி விழுந்தது என்று சொன்னேன். என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல எனக்கே கேட்டது. நேரம் திருத்துவதை நிறுத்தியது நான்தான் என்றேன்.

"எதுக்கு நிறுத்தினீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான்தான் சார் சொன்னேன். கேட்டுல பத்து நிமிஷம் முன்னாடி வெச்சிக்கீறோம், அதுக்குத் தோதா. அந்தம்மா மேல தப்பு இல்ல."

ஆடிட்டர் கொஞ்ச நேரம் எழுதினார். என் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். "அப்டேட் வராவிட்டால்" பக்கத்தில் நேற்று நான் சேர்த்திருந்த வரியைப் படித்தார்: முதலில் தேதியைப் பார். பிறகு எழுதியதை முதலாளியிடம் காட்டினார். சர்வர் பராமரிப்பில் குறை இல்லை. தொழிற்சாலையின் கடிகாரங்கள் அனைத்தும் ஒரே சரியான நேரம் காட்ட வேண்டும். அதற்கு சர்வரின் நேரத்தையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும்.

அவர் கார் கிளம்பியதும், வெளிக் கம்பெனிக்காரருக்கு முதலாளி போன் போட்டார். "வாணாம் சார். எங்ககிட்டயே ஆளு கீது" என்றார். அவ்வளவுதான் பேசினார். எனக்குப் போதும்.

சாயங்காலம் ஷிப்ட் முடிகிற நேரத்தில் எலெக்ட்ரீஷியன் கேட்டுக்கு ஏணி கொண்டுவந்து போட்டான். பஞ்சிங் மெஷினை நான் ஏற்கெனவே சரி செய்துவிட்டிருந்தேன். மிச்சம் கேட் கடிகாரம்தான். வீட்டுக்குக் கிளம்பியவர்கள் எல்லாரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆபீஸ் ஜன்னல் வழியாக சர்வரின் நேரம் ஓடுகிற திரையைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன்.

"இன்னாக்கா டைமு?" என்று ஏணியிலிருந்து கத்தினான்.

"இரு, சொல்றேன்."

"நாளிக்குலேர்ந்து பத்து நிமிசம் லேட்டா வரலாம்டா மாமே" என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். "டேய், மண்டைல பத்து நிமிசம் கழிச்சிகினுதானடா இவ்ளோ நாளு வந்த? இனிமே கழிக்காத, அதான்" என்றாள் கள்ளிக்குப்பத்துக்காரி. எல்லாரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தின் திருகை இழுத்துப் பிடித்துக்கொண்டார். இன்னும் இரண்டு பேர் செல்போனைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். முதலாளி அவர் அறை வாசலில் நின்று, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

நொடிகளை விரலால் எண்ணிக்கொண்டே வந்தேன்.

"அஞ்சு முப்பத்தாறு" என்றேன். "இப்ப வெய்யி."